சித்தப்பாவுக்கு ஒரு மடக்கு சைக்கிள்

சிங்கப்பூர்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய குரல்பதிவு கிடைத்தது. சர்க்கரை ஏறிவிட்டது, டாக்டர் வேகமாக நடக்கச் சொல்கிறார், முழங்கால் கேட்கமாட்டேன் என்கிறது, அதனால் சைக்கிள். அதுவும் மடக்கு சைக்கிள். வாரத்தில் பாதி விழுப்புரத்தில், மீதி திண்டிவனத்தில் தங்கச்சி வீட்டில், நடுவே சென்னையில் ஒரு கல்யாணம், திருவண்ணாமலையில் ஒரு கிரிவலம் என்று ஓடுகிறவர் நீங்கள். ஒரே வாசலில் நிற்கும் சைக்கிளால் உங்களுக்குப் பிரயோசனமில்லைதான். வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊர் ஊராகப் போய்வருகிறவர்களால் அந்தக் கணக்கைக் காப்பாற்ற முடிவதில்லை.

இங்கே மடக்கு சைக்கிளை எம்.ஆர்.டி. ரயிலில் ஏற்றலாம். மடித்தபின் 120 × 70 × 40 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும், அதுதான் முக்கிய நிபந்தனை. காலையில் கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் ஓட்டிவிட்டு, வியர்வையோடு ரயிலில் வந்து நிற்கிறவர்களில் பாதிப்பேர் கையில் இருப்பது பிராம்ப்டன். லண்டன்காரர் ஆண்ட்ரூ ரிச்சி 1970களின் நடுவில் தன் வீட்டிலேயே உட்கார்ந்து வடிவமைத்தது. ஜன்னலுக்கு எதிரே பிராம்ப்டன் ஆரட்டரி தேவாலயம் தெரியுமாம், பெயர் அதிலிருந்து வந்தது. பின்சக்கரம் அடியில் சுருண்டு உள்ளே போக, செயின் நடுவில் மறைந்துகொள்ள, பேன்ட்டில் கிரீஸ் ஒட்டாமல் தூக்கிக்கொண்டு போகலாம். மடிப்பதில் அதை மிஞ்சியதை நான் பார்த்ததில்லை.

ஆனால் நீங்கள் அதை வாங்க வேண்டாம். விலை லட்சத்தைத் தாண்டும் என்பது இருக்கட்டும். அதன் டயர் ஓரத்தில் 349 என்று போட்டிருக்கும், ரிம்மின் விட்டம் மில்லிமீட்டரில். 16 இஞ்ச் என்றுதான் அதையும் சொல்வார்கள். நம்மூரில் சின்னப் பிள்ளைகள் ஓட்டும் 16 இஞ்ச் சைக்கிளின் ரிம் 305. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டயர் கிழிந்தால், 349 கேட்டு எந்தக் கடையில் ஏறி இறங்குவீர்கள்?

20 இஞ்ச் பாருங்கள். டயர் ஓரத்தில் 20 × 1.75 என்றோ, சின்ன எழுத்தில் 47-406 என்றோ இருக்க வேண்டும். ஆறாவது ஏழாவது படிக்கிற பிள்ளைகளின் சைக்கிளில் பெரும்பாலும் இதே ரிம்தான். பிளஸ் ஒன் பிள்ளைகளின் இலவச சைக்கிளைப் பழுதுபார்க்கிற கடையிலேயே இந்த டியூபும் தொங்கும். 20 இஞ்சிலேயே 451 என்று மெலிந்த ஒரு ரகம் உண்டு, வேகப் பிரியர்களுக்கு. அது உங்களுக்கு ஆகாது. வால்வையும் பார்த்து வாங்குங்கள். மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற வால்வாக இருந்தால் பெட்ரோல் பங்க்கிலேயே காற்று பிடிக்கலாம், நம்மூர் வால்டியூப் ஆனாலும் கவலையில்லை. ஊசிமாதிரி மெல்லிய வால்வு வைத்ததைத் தள்ளுபடியில் தந்தாலுங்கூட ஒதுக்கிவிடுங்கள்.

மெலிந்த டயர் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் சீமைக் கருவேல முள். ஏரிக்கரையோரம் வேலி வெட்டிய மறுநாள் தார் ரோட்டில் கிடக்குமே, அது. அறுவடைக் காலத்தில் உளுந்தையும் மல்லாட்டைக் கொடியையும் ரோட்டிலேயே பரப்பிவிடுகிறார்கள். அதற்குள் சின்னச் சக்கரம் சிக்கினால் ஹேண்டில்பார் கையை விட்டுப் போகும். சின்னச் சக்கரத்துக்குப் பள்ளமும் வேகத்தடையும் பெரிதாகத்தான் தெரியும், அதை மறைத்து எந்தக் கடைக்காரரும் பேசக் கூடாது. பருத்த டயர் போட்டு, காற்றைக் கல்லாக அடைக்காமல் ஓட்டினால் பாதித் தொல்லை தீரும்.

"சக்கரம் சின்னதாச்சே, மிதித்து மிதித்து ஓய்ந்துபோவேனே" என்றீர்கள். சக்கரம் சிறுத்த கணக்கை முன்பற்சக்கரத்தில் சரிக்கட்டியிருப்பார்கள். முன்னால் 52 பல், பின்னால் 14 பல் என்றால் ஒரு சுற்று மிதிக்கு 5.5 மீட்டருக்கு மேல் போகும். நீங்கள் வேலைக்குப் போய்வந்த கறுப்பு சைக்கிளும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். விழுப்புரம் மேசைபோல் தட்டை. ஆறேழு கியர் தாராளம். மிதிக்கிற வேகத்துக்கு ஒரு அளவு உண்டு: பேசிக்கொண்டே மிதிக்க முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. உங்கள் சங்கீதத்துக்கு இது நல்ல கட்டுப்பாடு என்று சித்தி சொல்லக்கூடும்.

மடக்கு சைக்கிள் ஒன்றும் நேற்று முளைத்ததில்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் பாராசூட் படைக்காக பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ. கம்பெனி 60,000-க்கும் மேல் செய்து கொடுத்தது. வண்டியின் நடுவே இரண்டு கீல், கையால் முறுக்கும் நட்டு, ஆகாயத்திலிருந்து பாராசூட்டில் இறங்கும். அந்த பி.எஸ்.ஏ. பெயர்தான் பின்னால் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் வழியே நம் வீடுகளுக்கு வந்தது. தங்கச்சி பள்ளிக்கூடம் போன எஸ்.எல்.ஆர். நினைவிருக்கிறதா?

கீல்தான் இந்த வண்டிக்கு உயிர்நிலை. கடையில் முன்பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். நடுக்கீலிலோ ஹேண்டில் தண்டின் அடியிலோ கடகடவென்றால் விலை குறைத்தாலும் வேண்டாம். சீட் கம்பியை உயர்த்திப் பாருங்கள். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும். சீட் தாழ்ந்தால் எந்தக் காலுக்காகச் சைக்கிளுக்கு வந்தீர்களோ அந்தக் கால்தான் மறுபடி வலிக்கும். குறுக்குக் கம்பி இல்லாததால் காலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, வேட்டியோடு ஏறலாம். எடையைக் காகிதத்தில் படித்து நம்பாதீர்கள். 20 இஞ்ச் இரும்பு வண்டி 13, 14 கிலோ வரும். மடித்துத் தூக்கிக்கொண்டு கடையின் மாடிப்படி ஏறிப் பாருங்கள், விழுப்புரம் ஜங்ஷன் நடைமேம்பாலம் அதைவிடப் பெரியது.

ரயில்தான் முக்கியம். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே 37 கிலோமீட்டர் நான்கு வழிச்சாலை. விடியற்கருக்கலில் சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் விளக்கில்லாமல் டூவீலர் வரும். அதில் ஓட்டி உடம்பைத் தேற்ற வேண்டாம். உறைக்குள் மடித்துப் போட்டு மெமுவில் கதவோரம் நிறுத்துங்கள். டி.டி.ஆர். கேட்டால் என்ன சொல்வது என்று, ரயில்வேயில் வேலை பார்த்த உங்களுக்கு நான் சொல்லித்தரவா? முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் எல்லாம் ஜன்னலில் போகட்டும். மிதிப்பதைக் கிளைச்சாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

திண்டிவனத்திலிருந்து மயிலம் முருகன் கோயில் ஏறக்குறைய 15 கிலோமீட்டர், முதல் மாதத்துக்குப் போதும். கால் பழகியதும் மயிலத்துக்குத் தெற்கே திருவக்கரை. வக்கிரகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டு, புவியியல் ஆய்வுத் துறை வேலி போட்டுக் காக்கும் கல்மரங்களைப் பாருங்கள். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள், மரத்தின் வரிகூடக் கல்லில் அப்படியே இருக்கும். விழுப்புரத்தில் இருக்கிற வாரம் செஞ்சி ரோட்டில் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் கட்டினேன் என்று மகேந்திரவர்மன் கல்வெட்டில் சொல்லிக்கொண்ட குடைவரை. போக மட்டும் 20 கிலோமீட்டர் கிட்ட வரும், கூட ஆள் இல்லாமல் போகாதீர்கள். மாத்திரை போட்டு வெறும் வயிற்றில் ஓட்டலாமா என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட சட்டைப்பையில் நாலு சர்க்கரை மிட்டாய் எப்போதும் இருக்கட்டும்.

வண்டிக்குப் பணம் அனுப்புகிறேன் என்றால் கோபித்துக்கொள்வீர்கள். பொங்கலுக்கு வரும்போது கைப்பம்பும் முன்விளக்கும் ஒட்டுப் பெட்டியும் கொண்டுவருகிறேன். அதற்குள் டியூப் அளவை மட்டும் உங்கள் கடைக்காரரிடம் கேட்டு வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்