ஙகரத்தில் ஒரு சொல்

ஞாயிறுதோறும் நம் சங்கக் கட்டடத்தில் சிறுவர்களுக்குத் தமிழ் கற்பிக்கும் பணியைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். உயிரெழுத்துகள் முடியும் வரையில் தொல்லை இல்லை. மெய்யெழுத்துகளின் வரிசை தொடங்கியதும் தொல்லையும் தொடங்கிவிடும். 'க'வுக்குக் கண் என்பேன். அடுத்து நிற்பது 'ங'. "ஐயா, இந்த எழுத்தில் ஒரு சொல் சொல்லுங்கள்" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அங்ஙனம், இங்ஙனம் என்று சொல்லி, இது மொழிக்கு முதலில் வருவது அரிது என்ற இலக்கணத்தையும் சேர்த்துச் சொல்லித் தப்பித்துக்கொள்வேன். அந்த எழுத்தில் தொடங்கும் சொற்கள் என் வீட்டிலேயே ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக வாய் திறவாமல் கிடந்தன என்பதைச் சென்ற திங்கள் ஓர் உணவு விடுதியில்தான் அறிந்தேன்.

செம்பூரில் எங்கள் தெருமுனையில், முன்பு துணிக்கடை இருந்த இடத்தில், வியட்நாமிய உணவு விடுதி ஒன்று புதிதாகத் திறந்திருக்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் மும்பையிலிருந்து அந்நாட்டுக்கு நேர் விமானங்கள் பறக்கின்றன. விடுமுறைக்குச் சென்று திரும்புகிறவர்கள் நாவில் ஒரு புதுச் சுவையைக் கொண்டுவருகிறார்கள். அதை நம்பியே இத்தகைய விடுதிகள் தோன்றுகின்றன போலும். பத்து வயதான என் மகள் அங்கே போக வேண்டும் என்று நச்சரித்தாள். பழகாத உணவு என்றால் எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டு. "பிறகு பார்க்கலாம், கண்ணு" என்று நாளைக் கடத்தி வந்தேன்.

ஒரு மாலை, கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை தலை நிமிராமலே, "போவதென்றால் சொல், தம்பி, நானும் வருகிறேன்" என்றார். நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். திருமணச் சாப்பாட்டுக்கே அழைத்தாலும் வர மறுக்கிறவர் அவர்.

என் அத்தை பிறந்தது சைகோன் நகரில். இது எங்கள் உறவினர் எல்லாரும் அறிந்ததே, யாரும் பேசாததுங்கூட. பிரெஞ்சுக்காரர் ஆண்ட நாளில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர் பலர் அங்கே சென்றனர். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர்கள் சுங்கத்திலும் காவல் துறையிலும் வேலை பார்த்தனர். செட்டிநாட்டார் வட்டித் தொழில் நடத்தினர். தமிழ் முஸ்லிம்கள் துணிக்கடைகள் வைத்தனர். அவர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இன்றும் அந்நகரில் இருக்கிறது; இப்பொழுது அங்கே ஊதுவத்தி ஏற்றி வணங்குகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியரே.

காரைக்காலில் மனைவியையும் மகனையும் விட்டுச் சைகோன் துறைமுகச் சுங்கத்தில் எழுத்தராய்ப் பணிபுரிந்தவர் என் பாட்டனார். அங்கே ஒரு வியட்நாமியப் பெண்ணை மணந்துகொண்டார். அவர் வயிற்றில் 1943-இல் பிறந்தவர் என் அத்தை. 1954-இல் ஜெனீவா உடன்படிக்கையால் அந்நாடு இரண்டாகப் பிரிந்து, பிரெஞ்சு ஆட்சி முடிவுக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பர் முதல் நாள் காரைக்காலும் புதுச்சேரியும் இந்திய ஆட்சியின்கீழ் வந்தன. ஒரே ஆண்டில் பாட்டனாருடைய இரண்டு ஊர்களிலும் கொடி மாறிற்று. அதற்கு முன்பே அத்தையின் தாயார் நோயுற்றுக் காலமாகியிருந்தார். 1955-இல் பன்னிரண்டு வயதுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு பாட்டனார் காரைக்காலுக்கு வந்து இறங்கினார்.

என் பாட்டி அந்தப் பெண்ணை வெறுக்கவில்லை. தலைவாரிப் பூச்சூட்டினார், தம் பிள்ளைக்கு இட்ட சோற்றையே அவளுக்கும் இட்டார். ஒன்று மட்டும் சொன்னாராம்: "அந்தப் பேச்சை இங்கே பேசாதே, அம்மா; ஊர் சிரிக்கும்." அவ்வளவுதான். அதட்டலும் இல்லை, அடியும் இல்லை. அத்தை பேசவில்லை. பின்னர் மணமாயிற்று. மக்கட்பேறு இல்லாமலே கணவரை இழந்து, என் தந்தையாரிடம் வந்தார். அவருக்குப் பின் என்னுடன் மும்பையில் இருக்கிறார். இன்று அவர் பேசும் தமிழில் காரைக்கால் மணம் அன்றி வேறொன்றும் இல்லை.

ஒரு சனிக்கிழமை மாலை நால்வரும் விடுதிக்குச் சென்றோம். உணவுப் பட்டியலை நான் புரட்டினேன். 'ஃபோ' என்னும் சூப்புதான் முதலில் இருந்தது. அரிசியால் செய்த பட்டைச் சேவையைக் கிண்ணத்தில் இட்டு, எலும்பை நெடுநேரம் கொதிக்கவைத்த சாற்றை அதன்மேல் ஊற்றித் தருவது. சுட்ட இஞ்சி, சுட்ட வெங்காயம், பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ ஆகியவை அந்தச் சாற்றில் சேரும். அங்கே பெரும்பாலும் மாட்டெலும்புச் சாறு. இங்கே கோழியும் காளானும்.

"இது வடக்கத்தியார் உணவு" என்றார் அத்தை. "நாடு பிரிந்தபோது வடக்கிலிருந்து கூட்டங்கூட்டமாகச் சைகோனுக்கு வந்தார்கள். அவர்களோடுதான் இந்தக் கடைகள் தெருவெல்லாம் பெருகின. பச்சிலையும் முளைப்பயறும் தனித்தட்டில் வைத்துத் தின்பது எங்கள் தெற்கத்தி வழக்கம்." உணவும் நம்மைப்போல் குடிபெயர்ந்து, குடியேறிய ஊரின் இலை தழைகளைச் சேர்த்துக்கொண்டு வாழ்கிறது என்று எண்ணிக்கொண்டேன். அத்தை 'எங்கள்' என்று சொன்னதும் என் செவியில் பட்டது. காரைக்காலைக் குறிக்காமல் அவர் அச்சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை.

பரிமாற வந்த இளைஞர் மஞ்சள் நிறமும் சிறிய கண்களும் உடையவர். அவரைக் கண்டதும் அத்தையின் முகம் மலர்ந்தது. தணிந்த குரலில், ஏற்றமும் இறக்கமுமாக, பாட்டுப்போல் ஏதோ கேட்டார். அந்த ஒலியை என் வாழ்நாளில் முதல்முறையாகக் கேட்டேன். இளைஞர் திகைத்து நின்றார். பிறகு பணிவோடு இந்தியில், "அம்மா, நான் மணிப்பூர்க்காரன், இம்பாலிலிருந்து வந்திருக்கிறேன்" என்றார். அத்தையின் முகம் ஒரு கணம் வாடியது. உடனே சிரித்துவிட்டார். "அப்படியானால் நீயும் ஊரை விட்டு வந்த பிள்ளைதான்" என்று தமிழில் சொன்னார். நான் இந்தியில் எடுத்துச் சொன்னேன். இளைஞரும் சிரித்தார்.

முதலில் மெல்லிய அரிசித் தகட்டில் சுற்றிய சுருள்கள் வந்தன. அரிசி மாவைக் கரைத்து, கொதிக்கும் பானையின் வாயில் கட்டிய துணியின்மேல் ஊற்றி, ஆவியில் வேகவைத்து, மூங்கில் தட்டியில் வெயிலில் உலர்த்துவார்களாம். "நம் இலை வடாம்தானே, அத்தை!" என்றாள் என் மனைவி. "ஆமாம், பொரிக்காமல் நீரில் நனைத்துத் தின்கிறோம்" என்றார் அத்தை. தொட்டுக்கொள்ளச் சிறு கிண்ணத்தில் மீன்சாறு இருந்தது. நெத்திலியையும் உப்பையும் தொட்டியில் இட்டு, ஓராண்டுக் காலம் ஊறவைத்து வடிப்பது அது. நானும் என் மனைவியும் மூக்கைச் சுளித்தோம். இம்பால் இளைஞர், "எங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று உண்டு, புளிக்கவைத்த மீன், ஙாரி என்போம். மீனுக்கே எங்கள் மொழியில் ஙா என்றுதான் பெயர்" என்றார். என் மகள் துள்ளி எழுந்தாள். "அப்பா! ஙவில் சொல் கிடைத்துவிட்டது!" என்றாள்.

அத்தை கிண்ணத்தில் விரல் தொட்டு நாவில் வைத்துப் பார்த்தார். "தண்ணீரைக் கூட்டிவிட்டான், சர்க்கரையும் மிகுதி" என்றார். மும்பைச் சாம்பாரைப் பற்றி நாம் சொல்லுகிற குறையே அது. சொல்லுகிற தோரணையும் அதுவே.

அடுத்து வந்தது 'பான் ஸியோ'. அரிசி மாவில் மஞ்சளும் தேங்காய்ப்பாலும் கலந்து, காய்ந்த சட்டியில் மெல்லியதாய் ஊற்றி, இறாலும் முளைப்பயறும் வைத்து இரண்டாய் மடித்த அடை. மாவு ஊற்றும்போது எழும் 'ஸியோ' என்ற ஓசையே அதற்குப் பெயராயிற்று. தோசைக்கல்லின் 'சொய்' ஓசை கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

அத்தை கத்தியையும் முள்கரண்டியையும் ஒதுக்கினார். ஒரு கீரையிலையை உள்ளங்கையில் விரித்தார். அடையில் ஒரு துண்டு பிட்டு வைத்தார், மேலே புதினா இரண்டு தழை, சுருட்டினார், மீன்சாற்றில் தோய்த்தார். அந்தக் கைகள் அவரைக் கேளாமலே வேலை செய்தன. முதற்கவளத்தை என் மகளின் வாயில் ஊட்டினார். ஊட்டிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்தபடி, "ஙோன் கோங்?" என்று கேட்டார்.

கேட்டபின்தான் தாம் கேட்டது இன்ன மொழி என்று அவருக்கே தெரிந்தது போலும். கை அப்படியே நின்றுவிட்டது.

"என்ன பாட்டி அது?" என்றாள் குழந்தை.

"நன்றாயிருக்கிறதா என்று கேட்டேன், கண்ணு. ஙோன் என்றால் சுவை. எங்கள் அம்மா இப்படித்தான் ஊட்டிவிட்டுக் கேட்பாள்."

"ஙோன், பாட்டி" என்றாள் குழந்தை. பிழையில்லாமல் சொன்னாள். ஙகரத்தை அழுத்திச் சொல்ல வேண்டும் என்று ஞாயிறுதோறும் பழக்கியவன் நானே. அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மீன்சாற்றின் காரம் என்றார். அதில் காரமே இல்லை.

காப்பி வரும் வரையில் எவரும் பேசவில்லை. காப்பி நம் வடிகட்டி முறையில்தான் வந்தது; சிறிய தகர வடிகட்டி குவளையின்மேல் அமர்ந்து சொட்டுச் சொட்டாய் இறங்கிற்று. கீழே பாலுக்குப் பதிலாகக் கெட்டியான இனிப்புப்பால். அது சொட்டி முடிவதற்குள் நான் கேட்டேன்: "அந்த மொழி இன்னும் நினைவிருக்கிறதா, அத்தை?"

"எண்கள் பத்து வரையில் வரும். தின்னும் பண்டங்களின் பெயர் வரும். அம்மாவின் அம்மாவை 'ஙுவாய்' என்று கூப்பிடுவோம், அது வரும். ஒரு தாலாட்டில் முதலடி மட்டும் வரும். அப்புறம் இருட்டாய்விடும்." சற்று நிறுத்தி, "கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், தம்பி. யாரும் கேட்கவில்லை. எனக்கும் போய்விட்டது" என்றார். அவர் குரலில் குறையிரங்கல் இல்லை. அதுவே என்னை வருத்திற்று.

நம் பிள்ளைகள் வீட்டில் இந்தியும் ஆங்கிலமும் பேசுவது குறித்து நம் சங்க மேடையில் நான் பலமுறை மனம் வருந்திப் பேசியிருக்கிறேன். தாய்மொழி இழந்தவன் தாயை இழந்தவன் என்றுகூடச் சொன்னதுண்டு. அவ்வாறு பேசிவிட்டு வீட்டுக்கு வந்து, தாயையும் தாய்மொழியையும் ஒருங்கே இழந்த ஒருவர் கையால் சோறு வாங்கி உண்டிருக்கிறேன். என் பாட்டி, பேசாதே என்று ஒருமுறைதான் சொன்னார். நாங்கள் அதைச் சொல்லாமலே நாள்தோறும் சொல்லி வந்தோம். மொழியைத் தடை செய்தால்தான் அழியும் என்பதில்லை. கேட்பார் இல்லாவிட்டாலே போதும்.

இப்பொழுது இரவு உணவுக்குப்பின் அத்தையும் என் மகளும் ஒரு குறிப்பேட்டுடன் அமர்கிறார்கள். இதுவரை முப்பத்தொரு சொற்கள் சேர்ந்திருக்கின்றன. சில நாள் ஒன்றும் வருவதில்லை. பேட்டை மூடிவிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். தாலாட்டின் இரண்டாம் அடி இன்னும் வரவில்லை. இனி வருமா என்பது ஐயமே.

நம் சங்கத்துக் குடும்பங்களில் பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த முதியோர் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் மறக்கவேண்டும் என்று நாம் விட்டுவிட்ட பேச்சும் பாட்டும் உணவும் அவர்களிடம் எவ்வளவு எஞ்சியிருக்கின்றன என்று இன்றிரவே கேட்டுப் பாருங்கள். எனக்குப் பாதிக் காலம் கடந்தபின்தான் கேட்கத் தோன்றிற்று.

அடுத்த ஞாயிறு வகுப்பில் 'ங' வந்தபோது என் மகள் கையைத் தூக்கினாள். தமிழ்ச் சொல் இல்லை என்று நான் திருத்தவில்லை. சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.