பன்னிரண்டு அடி தூரம்

மகாபலிபுரம் கடற்கரை மணலில் மாமாவுக்கு ஒரு பலூன் கடை இருந்தது. கடை என்றால் நாலு மூங்கில், ஒரு தட்டி, தட்டி முழுக்க வரிசையாகப் பலூன். பன்னிரண்டு அடி தள்ளி ஒரு பெஞ்சு, அதன் மேல் மூன்று ஏர்கன். சனி, ஞாயிறுகளில் செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாகப் போய் இறங்கி, பலூன் ஊதுவது என் வேலை. கன்னம் வலிக்கும். மாலையில் ஒரு பன் பட்டர் ஜாம் உண்டு.

மூன்று துப்பாக்கியில் ஒன்று பெரிசு, கனம், கட்டையில் பாலிஷ் மின்னும். கல்லூரிப் பையன்கள் நேராக அதைத்தான் எடுப்பார்கள். ஓரத்தில் கிடந்த பழைய ஒன்று சின்னது. ஸ்பிரிங் தளர்ந்து போனது. ஒரு கையால் பேரலை மடக்கிவிடலாம். பத்துக்குப் பத்து அடிப்பது அதில்தான். மாமா யாருக்கும் அதைச் சொன்னதில்லை. வியாபாரம் அல்லவா.

பலூன் கடைத் துப்பாக்கியில் குறியை வளைத்து வைத்திருப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. சில கடைகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். எங்கள் கடையில் அந்த வேலையைச் சுடுகிறவர்களே பார்த்துக்கொண்டார்கள். கட்டையை இறுக்கிப் பிடிப்பார்கள், மூச்சை அடக்குவார்கள், ட்ரிகரைப் பிடுங்குவார்கள். அம்மாவோ அக்காவோ கூச்சத்தோடு வாங்கி, உடைந்துவிடுமோ என்று பயந்து லேசாகப் பிடித்துச் சுட்டால் பலூன் வெடிக்கும். அதற்குக் காரணம் இருக்கிறது என்று எனக்குப் புரியப் பத்து வருஷம் ஆனது. ஏர்கன் ரிப்பேர் பழகி, நானே பிரித்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

பிரித்தால் உள்ளே பெரிசாக ஒன்றும் இல்லை. ஒரு குழாய், அதற்குள் பிஸ்டன், பின்னால் ஸ்பிரிங். பேரலை மடக்கினால் ஸ்பிரிங் அழுந்திக் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். ட்ரிகரை இழுத்ததும் பிஸ்டன் முன்னால் பாயும், துப்பாக்கி பின்னால் உதைக்கும். குழாயின் முனையில் காற்று நசுங்கி மெத்தை மாதிரி ஆகிவிடும். பிஸ்டன் அதில் மோதித் திரும்பும்போது துப்பாக்கி முன்னால் இழுபடும். இந்த இரண்டு ஆட்டமும் நடக்கிற நேரத்தில் குண்டு இன்னும் பேரலைவிட்டு முழுசாக வெளியேறியிருக்காது. ஆகவே கை எப்படிப் பிடித்திருக்கிறதோ, அதற்கேற்பக் குண்டு திசை மாறும். இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவு இறுக்கம், ஒவ்வொரு இடத்தில் துளை. விரித்த உள்ளங்கையில் கட்டையைச் சும்மா உட்கார வைத்தால் அது தன் போக்கில் ஆடும், ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி ஆடும். கூச்சப்பட்ட அக்காக்கள் செய்தது இதைத்தான்.

ஜெர்மன்காரர்கள் இந்த ஆட்டத்தை ஒழிக்கவே தனி வேலை செய்திருக்கிறார்கள். ஃபைன்வெர்க்பாவ் 300 என்ற போட்டித் துப்பாக்கியில் பேரலும் குழாயும் கட்டைக்கு மேல் தண்டவாளத்தில் போவதுபோல் பின்னால் நழுவும், சுடுகிறவரின் தோளுக்கு ஒன்றும் தெரியாது. டயானா கம்பெனி எதிரெதிர்த் திசையில் ஓடும் இரண்டு பிஸ்டன்களை வைத்தது. இரண்டுமே கனமான சாமான்கள். 1984 லாஸ் ஏஞ்சலஸில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் ஒலிம்பிக்கில் நுழைந்தபோது ஸ்பிரிங் துப்பாக்கிக்கு மரியாதை இருந்தது. இன்றைய போட்டிகளில் அது இல்லை. சிலிண்டரில் அடைத்த அழுத்தக் காற்றுதான் குண்டைத் தள்ளுகிறது. அட்டையின் நடுவில் பத்துப் புள்ளிக்கான பொட்டு அரை மில்லிமீட்டர், அதில் ஸ்பிரிங்கின் குலுக்கலுக்கு இடமில்லை.

2008இல் அபினவ் பிந்த்ரா பெய்ஜிங்கில் தங்கம் வாங்கிய பிறகுதான் என்னிடம் ரிப்பேருக்கு வந்தவர்கள் யோசனையும் கேட்க ஆரம்பித்தார்கள். 2012இல் லண்டனில் வெண்கலம் வாங்கிய ககன் நாரங் சென்னையில் பிறந்தவர் என்று தெரிந்ததும் இன்னும் கொஞ்சம் பேர். எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "லேசா இருக்கணும், குறி தப்பக் கூடாது, நல்லா பவரா இருக்கணும். எது வாங்கலாம்?"

மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். பவர் வேண்டுமென்றால் கனமான ஸ்பிரிங், கனமான பிஸ்டன். அது லேசான கட்டைக்குள் பாய்ந்தால் துப்பாக்கி பொம்மை மாதிரி துள்ளும். அதைக் கனத்தால்தான் அடக்க முடியும். நாலு கிலோவுக்கு மேல் போகும் துப்பாக்கியைப் பன்னிரண்டு வயசுப் பிள்ளை எத்தனை நிமிஷம் தூக்கும்? லேசாக வேண்டுமென்றால் ஸ்பிரிங்கும் சாதுவாக இருக்க வேண்டும். இரண்டரை, மூன்று கிலோ, அரை கிராம் குண்டை விநாடிக்கு 200 மீட்டரில் தள்ளினால் போதும். கணக்குப் போட்டால் 10 ஜூல். பத்து மீட்டரில் அட்டையைத் துளைக்க அதுவே அதிகம். வேகத்தை இன்னும் ஏற்றி ஒலியின் வேகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் லேசான குண்டு தடுமாற ஆரம்பிக்கும். டப்பாவில் பெரிசாக அச்சடித்திருக்கும் வேகத்தைப் பார்த்து வாங்குகிறவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

குழல் அளவு பற்றி நான் அதிகம் பேசுவதில்லை. 4.5, 5.5 என்று இரண்டு. 5.5 குண்டு கனம், மெதுவாகப் போகும், வழியில் அதிகம் தாழும், விழுகிற இடத்தில் பலமாக அடிக்கும். 4.5 நேர்கோட்டுக்கு நெருக்கமாகப் போகும், பெல்லட்டும் விலை குறைவு. அட்டையில் சுட 4.5தான். அதோடு சட்டமே பாதி முடிவை எடுத்துவிடுகிறது. 2016 ஆயுத விதிகளின்படி குழல் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ உரிமம் வேண்டும். "அண்ணே, 5.5 கிடைக்குமா?" என்று காதோடு கேட்கிறவரின் மனசில் அட்டை இல்லை, கொக்கோ புறாவோ இருக்கிறது. அவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவேன். 1972 வனவிலங்குச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். வேடந்தாங்கல் ஜனங்கள் ஏரிப் பறவைகளைச் சுட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள் மேல் புகார் கொண்டுபோய், 1798இல் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதி வாங்கிய ஜில்லா இது. பறவை எச்சம் கலந்த தண்ணீர் அவர்கள் வயலுக்கு உரம்.

கடையில் துப்பாக்கியைக் கையில் வாங்கினால் நான் பார்ப்பது சில விஷயங்கள்தான். பேரலை மடக்கிப் பக்கவாட்டில் அசைப்பேன். கீலில் ஆட்டம் இருந்தால் அங்கேயே வைத்துவிடுவேன், அது ஒவ்வொரு முறை மூடும்போதும் வேறு இடத்தைப் பார்க்கும். பேரலும் குழாயும் சேரும் இடத்தில் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை வைத்துச் சுடச் சொல்வேன். காகிதம் பறந்தால் வாஷர் போய்விட்டது. அடுத்தது ட்ரிகர். பிறகு கட்டையின் திருகுகள். குலுக்கலில் அவை தளர்ந்துகொண்டே இருக்கும், "குறி மாறிடுச்சு" என்று வருகிறவற்றில் பாதிக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர்தான் மருந்து.

பெல்லட் போடும்போது மடக்கிய பேரலைப் பிடித்த கையை விடக் கூடாது. கொக்கி நழுவினால் பேரல் எகிறி வந்து மூடும். மாமாவின் வலது கட்டைவிரலில் நகம் கிடையாது. யாரும் கேட்காமலே அதைக் காட்டித்தான் எனக்குப் பாடம் நடத்தினார்.

பிறகு உப்பு. இங்கே மதியம் தாண்டினால் கடல் காற்று ஏறும். ராத்திரி துடைக்காமல் வைத்த பேரலில் காலையில் செம்மண் பூசியதுபோல் துரு. தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு வெளியே துடைத்தால் போதும். குழாய்க்குள் ஊற்றிவிடுகிறவர்கள் உண்டு. நசுங்கும் காற்றின் சூட்டில் அந்த எண்ணெய் பற்றிக்கொண்டு 'டப்'பென்று வெடிக்கும், புகை வரும். பையன்களுக்குச் சந்தோஷம், பவர் கூடிவிட்டதாம். வாஷரும் ஸ்பிரிங்கும் நாசமாவது அப்படித்தான்.

போன வருஷம் ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண் மாமாவின் பழைய துப்பாக்கியில் (அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது) அட்டையில் ஐந்து குண்டை ஒரு ரூபாய்க் காசு மூடுகிற இடத்தில் போட்டாள். "இதே மாதிரி சாதுவானதா வாங்குங்க சார்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய், எங்கேயோ, பெரிய ஸ்கோப் வைத்த கனமான ஒன்றை வாங்கினார். மூன்று மாசத்தில் திரும்பி வந்தார். ஸ்கோப்புக்குள் குறுக்குக் கோடு அறுந்து தொங்கியது. சாதாரண ஸ்கோப் பின்னால் உதைப்பதைத் தாங்கும். ஸ்பிரிங் துப்பாக்கி முன்னால் இழுப்பதை எல்லா ஸ்கோப்பும் தாங்காது.

கழற்றி அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடி மட்டும் சுத்தமாக இருந்தது.

"இனி இது எதுக்குண்ணே ஆகும்?"

"மார்கழியில பாப்பாவ வேடந்தாங்கல் கூட்டிட்டுப் போங்க. நாரை பார்க்க ஆகும்."

அந்தப் பெண் ஸ்கோப்பை அப்பா கையிலிருந்து வாங்கி, திருப்பிப் பிடித்து, என் மூக்கைப் பார்த்தாள்.