காய்க்காத மரம்

வல்லத்திராக்கோட்டைப் பகுதியில் பங்குப் பணி ஏற்ற தொடக்க ஆண்டுகளில் நாம் செய்த பிழை ஒன்றை வாசகர்முன் வைக்க விழைகின்றோம்.

அங்குள்ள சிற்றூர் ஒன்றில், சிற்றாலயத்தின் பின்புறம் புதர் மண்டிய நிலத்தில் மூன்று வீரை மரங்கள் நின்றன. திருவிழாப் பந்தலுக்கு இடம் வேண்டுமென மக்கள் கேட்டனர், நாமும் இசைந்தோம். சிறுவர் பறித்துண்ணும் சிவந்த பழங்களைத் தந்த மரத்தை மட்டும் விட்டுவிட்டு, ஒருபோதும் காய்த்தறியாத மற்ற இரண்டையும் வெட்டச் சொன்னோம். நியாயமான தீர்ப்பு என்றே அன்று எண்ணினோம்.

அடுத்த ஆண்டு அம்மரம் பூத்தது, காய்க்கவில்லை. அதற்கடுத்த ஆண்டும் அவ்வாறே. பழம் தேடி வந்த பறவைகளும் வரவில்லை. மரங்களை நன்கறிந்த ஆசிரியர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "சாமி, வீரையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. நீங்கள் வெட்டியவை ஆண் மரங்கள்" என்றார்.

காய்க்காத அத்தி மரத்திற்கு இன்னும் ஓராண்டு தவணை கேட்ட தோட்டத் தொழிலாளியைப் பற்றி எத்தனை முறை மறையுரை ஆற்றியிருப்போம்! வீரைக்கு நாம் ஒருநாள் தவணையும் தரவில்லை.

அதன் பின்னரே அம்மரத்தின் குலத்தைப் பற்றிக் கற்கத் தொடங்கினோம். வீரை, சோழமண்டலக் கடற்கரையை ஒட்டியும் சற்று உள்நாட்டிலும் காணப்படும் உலர் பசுமைமாறாக் காட்டைச் சேர்ந்தது. வடகிழக்குப் பருவமழையை நம்பி, எஞ்சிய மாதங்களின் வறட்சியைத் தடித்த இலைகளால் தாங்கி நிற்கும் காடு அது. இலங்கையின் உலர் காடுகளிலும் வீரை உண்டு. நம் மாவட்டத்தில் அக்காடு இன்று பெரும்பாலும் கோயில்காடுகளாகவே, தீவுகள்போல் எஞ்சியுள்ளது. அரையப்பட்டி, மறமடக்கி முதலிய ஊர்களின் காடுகளில் புதுச்சேரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரங்களைக் கணக்கிட்டு, 2005-ஆம் ஆண்டு ஆய்வு வெளியிட்டனர். அத்தீவுகளைச் சுற்றித் தைலமரத் தோப்புகள். அவையும் பசுமையே, ஆயினும் வீரைக்கு அவை பாலைநிலமன்றோ!

ஓர் உயிரினத்தைக் காப்பதென்பது ஒற்றை மரத்தை நிறுத்தி வைப்பதன்று. அதற்குத் துணை வேண்டும். மகரந்தம் சுமக்கும் பூச்சி வேண்டும். விதை பரப்பும் பறவை வேண்டும். கன்றுக்கு நிழல் வேண்டும். சுருங்கச் சொன்னால், காடே வேண்டும். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 எக்டேர் பரப்பைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழக அரசு 2022-இல் அறிவித்ததன் பொருளும் இதுவே. கிளைவிட்டுக் கிளை தாவாது, மெல்லப் பற்றிப் பற்றிச் செல்லும் தேவாங்கிற்குக் கிளைகள் கோத்துக்கொண்ட காடு தேவை.

அண்மையில் பக்கத்து ஊர் ஐயனார் கோயில் பூசாரியிடம் சென்று வீரை விதை கேட்டோம். அக்காட்டிலிருந்து சுள்ளியும் வெளியே போகக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. சற்று யோசித்தவர், "மண்ணில்தானே வைக்கப் போகிறீர்கள், எடுத்துக்கொள்ளுங்கள் சாமி" என்றார்.

பன்னிரண்டு கன்றுகள் பிழைத்துள்ளன. பூக்கும்வரை ஆணா பெண்ணா என்று அறிய இயலாது. மெல்ல வளரும் மரம் என்பதால், நாம் மாற்றலாகிச் சென்ற பின்னரே பூக்கும். எனவே, நமக்குப் பின் வரும் பங்குத்தந்தைக்காகக் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதி வைத்துள்ளோம்: "காய்க்காதவற்றையும் வெட்ட வேண்டாம்."