கத்திக்கு முந்திய பத்து நிமிடம்

முகச்சவரம் என்பது ஆண்மக்கள் எல்லாரும் அறிந்த காரியம்; அதைப் பற்றி எழுதவும் படிக்கவும் என்ன இருக்கிறதென்று வாசக நேயர்கள் கேட்கக்கூடும். அறிந்த காரியந்தான், ஆயினும் அதில் பாதியைத்தான் நம்மில் பலர் அறிந்திருக்கின்றனர். தோட்டத்துக் கிராணியாகிய நான் பொழுது புலருமுன் பெரட்டுக் களத்தில் நின்று செக்ரோலில் பெயர் பதிகின்றவன். விளக்கொளியில் என் முன் வந்து நிற்கும் முகங்களில், தாடையில் ஒட்டிய காகிதத் துண்டும், கழுத்தில் சிவந்து தடித்த பருக்களும், காதோரத்தில் உலராத கீறலும் காணாத நாள் அரிது. இன்று அவ்வரிசையில் நம்மவரோடு இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நிற்கின்றனர். கீறல் மட்டும் எல்லாருக்கும் பொது. காரணம் கேட்டால் நம்மவர் சொல்லும் விடையும் ஒன்றே: "பிளேடு சரியில்லைங்க ஐயா."

பிளேடின்மேல் பழி போடுவது எளிது, அதற்கு வாயில்லை. ஆனால் குற்றம் பெரும்பாலும் அதனுடையதன்று.

கத்தி நம் கைக்கு வந்த கதையைச் சிறிது நோக்குவோம். முற்காலத்தில் சவரம் நாவிதர் கையிலிருந்த தொழில். அவர் வந்தமர்ந்த உடனே கத்தியை எடுக்கமாட்டார். கிண்ணத்து நீரை விரலால் தொட்டுத் தொட்டுக் கன்னத்திலும் தாடையிலும் நெடுநேரம் தேய்ப்பார். கடை வைத்திருப்பவராயின் சுடுநீரில் நனைத்துப் பிழிந்த துவாலையை முகத்திலிட்டுக் காத்திருப்பார். அமெரிக்கராகிய கிங் காம்ப் ஜில்லெட் என்பவர் 1901-ம் ஆண்டில் ஒரு கம்பெனி தொடங்கி, மழுங்கியதும் எறிந்துவிடக்கூடிய மெல்லிய பிளேடு பொருத்திய கத்தியைச் செய்ய முற்பட்டார். விற்பனை தொடங்கிய 1903-ல் விலை போனவை 51 கத்திகளும் 168 பிளேடுகளுமே. 1904-ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படைவீரர்களுக்கு அக்கத்தி வழங்கப்படவே, போர் முடிந்து ஊர் திரும்பியவர்களோடு வீட்டிலேயே சவரம் செய்துகொள்ளும் வழக்கமும் பரவிற்று. பிறரை எதிர்பாராமல் தன் முகத்தைத் தானே திருத்திக்கொள்வது நன்றே. எனினும் கத்தி மட்டும் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கத்திக்கு முன் நாவிதர் செய்த வேலை கடையிலேயே தங்கிவிட்டது.

அவ்வேலையின் பயன் யாது? உலர்ந்த தாடிமயிர் விறைப்பானது. அதே மயிர் நீரில் ஊறினால், தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீத அளவு நீரை உட்கொண்டு பருத்து மென்மையடைகிறது. அதை அறுக்க வேண்டிய விசையும் வெகுவாய்க் குறைகிறது. வெதுவெதுப்பான நீராயின் இதற்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். ஆனால் தோலிலிருந்து ஊறும் எண்ணெய்ப் பசை மயிரைப் போர்த்தியிருப்பதால் வெறும் நீர் எளிதில் உட்புகாது. ஆதலின் முதலில் சவுக்காரமிட்டுக் கழுவ வேண்டும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2020-ல் வெளியிட்ட செய்தி ஒன்று வியப்புக்குரியது. எஃகு, மயிரைவிட 50 மடங்கு கடினமானது. அப்படியிருந்தும் மயிர் வளைந்து சாய்வாய்ப் படுங்கால் பிளேடின் விளிம்பில் நுண்ணிய சில்லுகள் பெயர்ந்துவிடுகின்றனவாம். நாம் மெலியதென்று எண்ணுவதே வலியதை மழுக்குகிறது.

இனி முறையைச் சொல்வேன். சவரத்திற்கு உகந்த வேளை குளித்து முடித்த வேளை. குளிக்க நேரமில்லையேல் முகத்தைச் சவுக்காரமிட்டுக் கழுவி, வெந்நீரில் நனைத்த துணியைப் பொறுக்குமளவு சூட்டில் இரண்டு நிமிடம் முகத்தில் வைத்திருக்கவும். பின்பு முகத்தைத் துடைக்கலாகாது. விரல் நுனியால் தாடியைத் தடவி, மயிர் எத்திசை நோக்கி வளர்கிறதென்று அறிந்துகொள்ளவும். கன்னத்தில் அது பெரும்பாலும் கீழ்நோக்கியிருக்கும். கழுத்தில் பக்கவாட்டாகவும் மேல்நோக்கியும் கூட இருக்கும். அதன்பின் நனைத்த பிரஷில் சவரச் சவுக்காரத்தைக் குழைத்து வட்டமாய்த் தேய்க்க வேண்டும். நுரை வெறும் அலங்காரமன்று. மயிர் குடித்த நீர் உலராமல் காப்பதும், பிளேடு வழுக்கிச் செல்லப் பாதை செய்வதும் அதுவே. நம் நாட்டில் விளையும் செம்பனையின் எண்ணெய் இத்தகைய சவுக்காரங்கள் பலவற்றில் சேர்கிறது. முதற்சுற்றில் மயிர் வளரும் திசையிலேயே, அழுத்தாமல் மழிக்க வேண்டும். வளர்ச்சிக்கு எதிராக ஒட்ட மழித்தால், சுருட்டை மயிருடையோர்க்கு மயிர்நுனி வளைந்து தோலுக்குள் புகுந்து பருக்களை உண்டாக்கும். பெரட்டில் நான் காணும் கழுத்துப் பருக்கள் பல இவ்வாறு வந்தவையே.

"பெரட்டுக்கு ஓடுகிறவனுக்குப் பத்து நிமிடம் ஏது?" என்று கேட்பவர் உண்டு. நீர் ஊறும் நேரத்தில் கைக்கு வேலையில்லை. நுரை பூசிய முகத்தோடு தேநீருக்கு நீர் வைக்கலாம், சட்டையைத் தேடலாம். பதறாத காரியம் சிதறாது என்பது நம் பழமொழி.

என் தந்தையாரும் கத்தி பிடித்தவரே. ஆனால் அது பால்வெட்டுக் கத்தி. நாளொன்றுக்கு 500 மரம் வெட்டியவர். ரப்பர் வெட்டுதலும் ஒருவகைச் சவரமே. முன்வெட்டின் விளிம்பையே மெல்லிய சீவலாய்ச் சீவித் திறந்து, மரத்துக்கு ஊறின்றிப் பால் எடுக்கும் முறையை 1890-களில் கண்டவர் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் தலைவராயிருந்த ரிட்லி. சீவல் மேலோட்டமானால் பால் குறையும். ஆழமானால் உள்மரம் காயப்பட்டுப் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாய் வளரும். விடியலில் வெட்டுவதற்கும் காரணம் உண்டு. மரத்துள் நீரின் அழுத்தம் அவ்வேளையில் மிகுந்திருக்கும். வெயிலேற அது தணியும். "மரம் தண்ணி குடிச்சிருக்கிறப்பவே கத்தி வைக்கணும் தம்பி" என்பார்.

அவருக்குப் பக்கவாதம் கண்டது. வலக்கை விழுந்தது, பேச்சு நின்றது, முகத்தின் வலப்பக்கம் உணர்ச்சியற்றுப் போயிற்று. முதல் சில வாரம் பட்டணத்திலிருந்து நாவிதர் ஒருவர் வந்தார். உறவினர் ஒருவர் அவரை வாசலிலேயே நிறுத்திப் பேசியதைப் படுக்கையிலிருந்து கண்ட என் தந்தையார், இடக்கையைத் தூக்கி, கட்டிலருகேயிருந்த நாற்காலியைக் காட்டினார். அந்த வீட்டில் அதற்குப் பின் அவர் நின்றுகொண்டு பேசியதில்லை. அவர் துவாலை நனைப்பதையும், விரலால் நீர் தேய்ப்பதையும் அருகிருந்து பார்த்தே நான் கற்றேன். அவர் வர இயலாதுபோன பின் அவ்வேலை என்னுடையதாயிற்று.

தன் முகமாயின் வலி நமக்கு எச்சரிக்கை செய்யும். அவர் வலக்கன்னத்தில் சூடு மிகுந்தாலும் கத்தி பட்டாலும் அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல வாயில்லை. நீரின் சூட்டை என் மணிக்கட்டில் சோதித்தேன். தளர்ந்த தோலை விரலால் மெல்ல இழுத்து நிறுத்தி, உணர்ச்சியுள்ள பக்கத்தைவிட அற்ற பக்கத்தை இருமடங்கு நேரம் நனைத்தேன். பதினொரு மாதம் அவ்வாறு நடந்தது. சவரம் முடிந்ததும் அவர் இடக்கையால் தம் கன்னத்தைத் தடவிப் பார்த்து, பின் என் கன்னத்தையும் தடவிப் பார்ப்பார். சிறுவனாயிருந்த காலத்துக்குப் பின் என் தந்தையார் என் முகத்தைத் தொட்டது அப்போதுதான்.

ஆகவே தோழர்களே, செவ்வாய் வெள்ளி பார்த்துச் சவரம் செய்வதைக் காட்டிலும் முகம் நனைந்ததா என்று பார்த்துச் செய்வது மேல். ஒருவர் பிளேடை மற்றொருவர் தொடவேண்டாம். அண்ணன் தம்பியாயினும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளி வழியே கல்லீரல் அழற்சி நோய்க் கிருமிகள் பரவக்கூடும். பிரஷை அலசி உதறிக் காற்றில் உலரவிடுங்கள். வீட்டில் முதியவரோ நோயாளியோ இருந்தால், வாரமொருமுறையேனும் வெந்நீரும் துவாலையும் எடுத்து அவர் பக்கத்தில் அமருங்கள். இவற்றையெல்லாம் நமக்கு முன்னறிந்த நாவிதர் உங்கள் வாசலுக்கு வந்தால், முதலில் நாற்காலியைக் காட்டுங்கள்.