களிம்பு எங்கே போயிற்று?

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் மாலை, ஆம்பூரில் எமது இல்லத்துத் திண்ணையில் யான் சிவஞான சித்தியாரை விரித்து வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து என் பேரன், "தாத்தா, ஈயத்தைப் பொன்னாக்கிவிட்டேன், வந்து பாருங்கள்" என்று கூவினான். முதியோர்க்கு இத்தகைய அழைப்பு அடிக்கடி வருவதன்று. நூலை மூடிவைத்து எழுந்து சென்றேன்.

அவன் காட்டியது கணிப்பொறியில் ஆடும் ஒரு புதிர் விளையாட்டு. 2017-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஸாக்ட்ரானிக்ஸ் என்னும் நிறுவனத்தார் வெளியிட்டது; 'ஓபஸ் மேக்னம்' என்பது அதன் பெயர். பெருஞ்செயல் என்பது அத்தொடரின் பொருள். ஐரோப்பாவில் முற்காலத்து இரசவாதிகள் தம் தொழிலின் முடிந்த நிலையை இலத்தீன் மொழியில் அவ்வாறு சுட்டினர். புவியீர்ப்பு விதி கண்ட நியூட்டனும் அத்தொழிலிற் பல்லாண்டு உழைத்தவரே. அவ்விளையாட்டில் ஆடுவோன் ஓர் இரசவாதியின் நிலையில் நின்று, அணுக்களைப் பற்றித் திருப்பும் பொறிக்கைகளை அமைத்து, வேண்டிய பொருளை ஆக்குதல் வேண்டும். ஈயம், வெள்ளீயம், இரும்பு, செம்பு, வெள்ளி, பொன் என்பது அதில் உலோகங்களின் படிமுறை. பாதரச அணு ஒன்றைச் செலவிட, உலோகம் ஒரு படி ஏறும்; ஆகவே ஈயம் பொன்னாதற்குப் பாதரசம் ஐந்து வேண்டும். செலவு, காலம், இடம் என்னும் மூன்றிலும் ஆடுவோன் எவ்வளவு சுருக்கமாக முடித்தான் என்று கணக்கும் காட்டப்படுகின்றது.

எனக்குத் திருப்பூவணத்துப் பொன்னனையாள் நினைவுக்கு வந்தார். இறைவன் திருவுருவைப் பொன்னாற் சமைக்க விழைந்த அவ்வம்மையார், அடியார்க்கு அமுதூட்டுதலிலேயே பொருளெல்லாம் செலவாகப் பொன்னின்றி வருந்தினார். சோமசுந்தரக் கடவுள் சித்தராய் எழுந்தருளி, வீட்டிலிருந்த உலோகக் கலங்களைத் தொகுப்பித்துத் திருநீறு தூவி, இரவில் தீயிலிடச் செய்தருள, அவை பொன்னாயின. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இஃது இரசவாதஞ் செய்த படலமாக விளங்குகின்றது. இதனைப் பேரனுக்குச் சொன்னேன். அவனும் விரும்பிக் கேட்டான்.

கதை முடிந்ததும் அவன் மீண்டும் ஆடலானான். ஒரு புதிரில், வேண்டிய பொருள் ஆனபின் வேண்டாத அணுக்கள் சில எஞ்சின. அவன் கருங்குழி போன்ற ஒரு குறியை அமைத்தான். எஞ்சியவை அதனுள் வீழ்ந்து மறைந்தன.

"இவை எங்கே போயின?" என்றேன்.

"எங்கும் போகவில்லை, தாத்தா. இதிற் போட்டால் இல்லாமற் போய்விடும், அவ்வளவுதான்" என்றான்.

அவ்விடை விளையாட்டளவிற் பிழையன்று. ஆயினும் என் மனம் அதில் அமையவில்லை. காவிரிக்கரைத் திருமடமொன்றில் யான் பயின்ற காலத்து, எம் ஆசிரியர் முதலிற் புகட்டியது சற்காரியவாதம். உள்பொருள் ஒருபோதும் சூனியமாகாது; அது நிலைமாறும், இடம் மாறும், நுண்மையாய் ஒடுங்கும். குடம் உடையின் ஓடாம். ஓடு தேயின் மண்ணாம். நூலிற் கற்ற இதனை எனக்கு உறுதிப்படுத்தியது எங்கள் வீட்டுக் கிணறு.

1980-களின் தொடக்கத்தில் யான் இவ்வூர்க்கு ஆசிரியனாக வந்தபோது அக்கிணற்று நீர் இனித்தது. சிவபூசைக்கு அந்நீரையே என் மனைவி விடியலில் முகந்து வைப்பாள். ஆண்டு செல்லச் செல்ல நீர் உவர்த்தது. பின்னர் வாயில் வைக்கலாகாததாயிற்று. இன்று பெருமானுக்கு அபிடேக நீர் விலைக்கு வாங்கிய கேனில் வருகின்றது.

காரணம் இவ்வட்டாரத்தார் யாவரும் அறிந்ததே. பச்சைத்தோல் அழுகாதிருக்க உப்பிடுவர். பதனிடுமுன் அவ்வுப்பைக் கழுவி நீக்குவர். முன்னாளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டு நாட்பல ஊறவைத்துப் பதனிட்டனர். பின்னர்க் குரோம உப்பு வந்து அவ்வேலையை விரைவில் முடித்தது. தோலும் நீலநிறம் பெற்றது. அழுகும் பொருளை அழுகாப் பொருளாக்கும் இதுவும் ஓர் இரசவாதமே. ஆயின் இட்ட குரோமம் முழுவதும் தோலிற் பற்றுவதில்லை. பற்றாதது நீரோடு செல்லும். கழுவிய உப்பும் உடன் செல்லும். நிலத்திலும் பாலாற்று மணலிலும் பல்லாண்டு விடப்பட்ட அவை, கருங்குழியில் வீழ்ந்த அணுக்களைப்போல் மறைந்தனவாகவே தோன்றின. உண்மையில் அவை எங்கள் கிணற்றுக்கு வந்துகொண்டிருந்தன.

1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள், வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பயிர்க்கு உதவாதாயிற்று என்னும் ஆய்வு அதில் எடுத்துக்காட்டப்பெற்றது. கெடுத்தவனே ஈடு செய்தல் வேண்டும் என்பதை அத்தீர்ப்பு இந்நாட்டு முறையாக வகுத்தது. ஆயினும் 2025 சனவரி 30-ஆம் நாள் பாலாற்றின் பொருட்டு அந்நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைந்துள்ளன. அவை கழிவைப் பிரிக்குமேயன்றி இன்மையாக்கமாட்டா. பிரித்த உப்பும் சேறும் எங்கேனும் இருந்தே தீரும். இராணிப்பேட்டையில் குரோமேட்டு ஆலையொன்றின் கழிவு, இலட்சம் டன்னுக்கு மேற்பட்டதாய், ஆலை மூடிப் பல்லாண்டு ஆகியும் குவிந்து கிடந்தது.

இதனால் தோற்றொழிலை இகழ்கின்றேன் என எவரும் கொள்ளற்க. திருநாளைப்போவார் நாயனார் திருக்கோயில்களின் பேரிகைக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் அளித்துத் தொண்டு செய்தவர். என் மகனும் ஒரு காலணித் தொழிற்சாலையிற் கணக்கெழுதுபவன். பேரன் ஆடும் கணிப்பொறி அவ்வூதியத்தில் வாங்கியது. யாம் உண்ணும் சோற்றிலும் அக்கிணற்றின் உவர்ப்புக்குப் பங்குண்டு. ஆதலின் பழியை முழுவதும் பிறர்மேற் சுமத்தி ஒதுங்க எனக்கு இயலாது.

அன்றிரவு சித்தியாரை மீண்டும் விரித்தேன். சுபக்கத்துப் பதினோராஞ் சூத்திரத்தில் அருணந்தி சிவாசாரியர் இரசவாத உவமை ஒன்றை எடுத்து ஆராய்கின்றார். செம்பு இரதகுளிகையாற் களிம்பு நீங்கிப் பொன்னாய்ப் பொன்னொடு சேர்தல்போல, மலம் நீங்கிய உயிர் சிவத்தொடு ஒன்றாய்விடும் என்பார்க்கு, சிவன் பொன்னைப் போன்றவனல்லன், குளிகையைப் போன்றவன் என அவர் விடை பகர்கின்றார். குளிகை களிம்பை நீக்கும், தான் பொன்னாவதில்லை. அவ்வாறே இறைவன் மலத்தை நீக்கி உயிரைத் தன் திருவடிக்கீழ் வைப்பான். இவ்வுவமையைக் கற்பித்த நாளெல்லாம் யான் பொன்னையும் குளிகையையுமே நோக்கினேன். களிம்பு எங்கே போயிற்று என்று வினவினேனல்லேன். ஆணவமலம் முத்தியிலும் பொருளளவில் அழிவதில்லை. ஒளியின்முன் இருள்போல அதன் ஆற்றல் மடங்கி நிற்கும் என்பதன்றோ நம் சித்தாந்தம்!

இதற்கும் என் வாழ்விலேயே சான்று உண்டு. பணி ஓய்வு பெற்றபின் சினம் என்னை விட்டொழிந்தது என்றே எண்ணியிருந்தேன். சென்ற மார்கழியில் ஒரு நாள் தண்ணீர்க் கேன் கொணரும் இளைஞன் காலந்தாழ்த்து வந்தான், பூசை தடைப்பட்டது. தெருவார் கேட்க அவனைக் கடிந்தேன். வகுப்பறையில் முப்பதாண்டு எழுந்த அதே சினம், அதே சொற்கள். அவன் ஒன்றும் பேசாது கேனை இறக்கிவைத்துச் சென்றான். மறுநாள் அவனைத் திண்ணையில் அமர்த்திப் பொறுத்தருள வேண்டினேன். "பரவாயில்லை, ஐயா" என்றான். என் கருங்குழியில் யான் இட்டது எங்கும் போகாமல் அங்கேயே கிடந்தது என அன்று அறிந்தேன்.

கிணற்றின் வரலாற்றையும் இதனையும் பேரனுக்கு மறையாது சொன்னேன். இரண்டு நாள் கழித்து அவன் மீண்டும் அழைத்தான். குழியை எடுத்துவிட்டு, எஞ்சிய அணுக்களை ஒன்றோடொன்று பிணைத்துச் சங்கிலிபோல் ஒருபுறம் நீட்டி வைத்திருந்தான்.

"இடம் நிறையப் பிடித்துவிட்டது, தாத்தா, கணக்கிற் பின்தங்கிவிட்டேன். ஆனால் எல்லாம் கண்முன்னே இருக்கிறது" என்றான்.

மறுநாட் காலை, விலைக்கு வாங்கிய நீரால் அபிடேகஞ் செய்யும்போது, என் களிம்பு என் கண்ணுக்கு மறையாதிருக்குமாறும் அதன் வலி கெடுமாறும் பெருமானை வேண்டிக்கொண்டேன்.

திருச்சிற்றம்பலம்.