கயிற்றின் மேல்முனை

துருவப் பகுதிக்குப் போகிறவர்களுக்கு உயிரோடு திரும்பி வரக் கற்றுக்கொடுப்பது என் வேலையாக இருந்தது. இதைத் திருவெறும்பூரில் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். சித்திரை வெயிலில் தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கிற ஊர் இது. எறும்பீசுவரர் கோயில் மலையில் மத்தியானத்தில் வெறுங்காலோடு ஏற முடியாது. பனி என்றால் எங்களுக்கு மார்கழி விடியலில் உய்யக்கொண்டான் வாய்க்கால் மேலே புகை மாதிரி நிற்குமே, அவ்வளவுதான். "ஐஸ்ல என்னடா வாத்தியார் வேலை? வழுக்கி விழாம நடக்கச் சொல்லித் தருவியா?" என்று எங்க அப்பாயி கேட்டது. பாதி வேலை அதுதான் என்றேன். மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் ஊருக்கு 1960களில் பாய்லர் தொழிற்சாலையும் துப்பாக்கித் தொழிற்சாலையும் வந்தன. ரெண்டுக்கும் நடுவே எத்தனையோ குடும்பங்கள் மேலே வந்தன. எங்கள் சேரியில் நிரந்தர வேலை கிடைத்தவர்கள் சிலர். கிடைக்காதவர்கள் பலர், அப்பா அதில் ஒருவர். கட்டடம் கட்டுகிற இடத்தில் மண் சுமந்தார், லாரியில் இரும்பு ஏற்றினார், கூப்பிட்டால் சாக்கடையும் அள்ளினார். நான் ப்ளஸ் டூ முடித்ததும் எல்லையில் மலை காக்கிற ஒரு படையில் ஆள் எடுத்தார்கள். ஓடச் சொன்னார்கள், ஓடினேன். நெஞ்சை அளந்தார்கள், சரியாக இருந்தது. இமயமலையில்தான் முதன்முதலாகப் பனியைத் தொட்டேன். மலையேற்றம் கற்றேன், பிறகு கற்றுக்கொடுப்பவன் ஆனேன். அண்டார்க்டிகா போகும் குழுக்களுக்குப் பல வருஷம் பயிற்சி கொடுத்தேன். ரெண்டு கோடை நானும் அங்கே போயிருக்கிறேன். நம்முடைய மார்கழியும் தையும் அங்கே கோடை.

இந்தியாவின் முதல் குழு 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து காசிம் தலைமையில் கிளம்பி 1982 ஜனவரி 9ஆம் தேதி அண்டார்க்டிகாவில் இறங்கியது. அடுத்துக் கட்டிய தட்சிண் கங்கோத்ரி நிலையம் கொஞ்சம் கொஞ்சமாகப் பனிக்குள் புதைந்துபோனது. 1989இல் பாறைத்தரையில் மைத்ரி நிலையம் வந்தது. 2012இல் பாரதி வந்தது. வடதுருவப் பக்கம் 2008இல் ஹிமாத்ரி. போகிறவர்களை டாக்டர்கள் தலையிலிருந்து கால்வரை பார்ப்பார்கள். அதன்பிறகு உத்தரகாண்டில் ஜோஷிமட்டுக்கு மேலே இருக்கிற அவுலியில் பனிப்பயிற்சி. விஞ்ஞானிகள் மட்டும் போவதில்லை. சமையல்காரர், வெல்டர், டீசல் மெக்கானிக், தச்சர், வண்டி ஓட்டுகிறவர், டாக்டர் எல்லாரும் போகிறார்கள். பயிற்சி எல்லாருக்கும் ஒன்றுதான். பி.எச்.டி.க்குத் தனிப் பாடம், அடுப்படிக்குத் தனிப் பாடம் என்று கிடையாது.

என்ன கற்றுக்கொடுப்போம்? முதலில் உடுப்பு. பருத்தி பனியில் எமன். வியர்வையைக் குடித்து ஈரமாகவே உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அடுக்கடுக்காகப் போட வேண்டும், வியர்க்கும் முன்னே ஓர் அடுக்கைக் கழற்ற வேண்டும். அடுத்தது உடம்பு. உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆள் உளறுவான், கால் பின்னும், பொத்தான் போடத் தெரியாது. நடுங்குகிற வரைக்கும் கொஞ்சம் நிம்மதி, நடுக்கம் நின்றால்தான் பயப்பட வேண்டும். விரல் வெளுத்து உணர்ச்சி செத்துப்போனால் தேய்க்கக் கூடாது. மறுபடி உறைய வாய்ப்பு இருந்தால் அந்த இடத்தில் சூடு காட்டவும் கூடாது. இதெல்லாம் எழுதி வைத்தால் ரெண்டு பக்கம், மனப்பாடம் செய்துவிடலாம்.

மனப்பாடம் செய்ய முடியாதது ஒன்று உண்டு. தன் வாயால் தன் நிலைமையைச் சொல்வது. "எனக்குக் கால் மரத்துப்போச்சு, நின்னுக்கலாம்" என்று சொல்ல வைப்பதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்த பாடம். பெரிய பதவியில் இருப்பவருக்கு வெட்கம், சின்ன வேலையில் இருப்பவருக்குப் பயம். அதனால் ஒரு விதி வைத்திருந்தோம். குழுவில் கடைசி ஆள் "திரும்பிடலாம்" என்று சொன்னாலும் குழு நிற்கும். ஏன் என்று பிறகு பேசிக்கொள்ளலாம். திரும்பச் சொன்னவரை யாரும் கிண்டல் பண்ணக் கூடாது, அவர் மேல் குறிப்பு எழுதக் கூடாது. வெளியே போகிறவர் பலகையில் பெயரும் திரும்பும் நேரமும் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். நேரம் தாண்டினால் தேட ஆள் கிளம்பும். பெயர் எழுதாமல் யாரும் வாசலைத் தாண்டக் கூடாது.

பனிப்பிளவு என்று ஒன்று உண்டு. பனிப்பாறை நகரும்போது வெடிக்கும். வெடிப்பின் வாயைப் புதுப்பனி மூடிவிடும். பார்த்தால் சமதரை, காலை வைத்தால் கிணறு. 1912 டிசம்பர் 14ஆம் தேதி டக்ளஸ் மாசன் குழுவில் இருந்த நின்னிஸ் இப்படித்தான் போனார். மெர்ட்ஸ் பனிச்சறுக்குக் கட்டையில் போனார், மாசன் சறுக்குவண்டி மேல் இருந்தார், ரெண்டு பேர் எடையும் பரவி இருந்தது. நின்னிஸ் வண்டிப் பக்கத்தில் நடந்து வந்தார். நாய்கள், வண்டி, குழுவின் சாப்பாட்டில் பெரும்பகுதி எல்லாம் அவரோடு உள்ளே போயின. அடுத்த மாதம் மெர்ட்ஸும் செத்தார். தனியாகிப்போன மாசனும் பிறகு ஒரு பிளவில் விழுந்தார். வண்டியோடு அவரைக் கட்டியிருந்த கயிறு தாங்கியது. அதைப் பிடித்து ஏறி வந்துதான் அவர் பிழைத்தார்.

அதனால் கயிறு இல்லாமல் யாரும் பனிப்பாறையில் நடப்பதில்லை. ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் கோடாரியைப் பனியில் குத்திப் படுத்துக்கொள்ள வேண்டும், பிறகு கப்பி போட்டு இழுக்க வேண்டும். இதை ஆட்களைக் குழிக்குள் நிஜமாகவே தொங்கவிட்டுப் பழக்குவோம். ஒரு வருஷம் பயிற்சிக்கு வந்த ஒருவர் முதல் நாளே என்னிடம், "தமிழ்நாடா? எந்த ஊர்? திருச்சிப் பக்கமா? திருவெறும்பூர்ல எந்தத் தெரு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். எங்கே வந்து நிற்கப்போகிறார் என்று நம்மில் எல்லாருக்கும் தெரியும். நான் தெருப்பெயரைச் சொன்னேன். அதற்கப்புறம் அவர் என் கையால் டீ வாங்கவில்லை. மூன்றாம் நாள் அவரைக் குழிக்குள் இறக்கினோம். மேல்முனை என் இடுப்பில் இருந்தது. கீழே இருந்து "பிடிச்சிருக்கீங்கல்ல சார்?" என்று கேட்டார். "பிடிச்சிருக்கேன்" என்றேன். வேறொன்றும் பேசிக்கொள்ளவில்லை. பனி சாதியைக் கரைத்துவிடும் என்று கதை சொல்ல நான் வரவில்லை. மேலே வந்த பிறகும் அவர் டீ வாங்கவில்லை. ஆனால் அவர் மேலே வந்தார். டீ வாங்காதவர் என்பதற்காகக் கயிற்றை யாரும் பாதியில் விடவில்லை.

கூடாரத்துப் பாடம் ஒன்று இருக்கிறது. 1990 ஜனவரியில், ஒன்பதாவது பயணத்தின்போது, மைத்ரிக்குத் தெற்கே மலைப்பகுதியில் கூடாரம் போட்டிருந்த நம் ஆட்கள் நான்கு பேர் கார்பன் மோனாக்சைடு மூச்சில் ஏறிச் செத்தார்கள். குளிர் கொல்லவில்லை, பிளவு விழுங்கவில்லை. அந்த வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலை வலிக்கும், தூக்கம் வரும். அது குளிரின் அசதி என்று ஆள் நினைத்துக்கொள்வான். ஒவ்வொரு குழுவுக்கும் இந்த நால்வரைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் அடுப்பைக் கையில் கொடுப்பேன். காற்றுவழி திறந்திருக்க வேண்டும், எரிகிற அடுப்போடு தூங்கக் கூடாது. உள்ளே மயங்கிக் கிடப்பவரைப் பார்த்ததும் நீயும் உள்ளே பாய்ந்து படுத்துவிடாதே, முதலில் கூடாரத்தைத் திற, காற்றை விடு.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபோது இந்தப் பாடமெல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. எங்கள் தெருப் பையன்கள் பாதாளச் சாக்கடைக் குழியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் அண்டார்க்டிகாவில் பார்த்த எல்லாமே இங்கேயும் இருந்தது. மூடிய வாய், ஆழம், கண்ணுக்குத் தெரியாத வாயு. இங்கே வாயு ஹைட்ரஜன் சல்ஃபைடு. முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு ஏறினால் மூக்கே செத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவன் திரும்புவதில்லை. அவனைத் தூக்க அண்ணனோ மச்சானோ குதிப்பான். செய்தித்தாளில் ரெண்டு பேர், மூன்று பேர் என்று வருவது இதனால்தான். இல்லாதவை கயிறு, வாயு பார்க்கிற கருவி, பெயர் எழுதுகிற பலகை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1993இல் ஒன்று வந்தது. 2013இல் இன்னொன்று வந்தது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளைச் சாக்கடைக்குள் இறக்குவது அந்தச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே ரெண்டு வருஷம் வரை சிறை, ரெண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டுமே. 1993க்குப் பிறகு செத்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் கொடுக்கச் சொல்லி 2014 மார்ச் 27ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2023 அக்டோபர் 20ஆம் தேதி அதை 30 லட்சமாக்கியது. செத்த பிறகு கொடுக்கிற பணம் ஏறிக்கொண்டே போகிறது. பனிக்கு ஆள் அனுப்பும்போது செத்தால் எவ்வளவு என்று நாங்கள் பேச்சைத் தொடங்கியதில்லை.

சில வருஷத்துக்கு முன் ஒரு ஒப்பந்தக்காரர் வீடு தேடி வந்தார். "சார், நீங்க அண்டார்க்டிகாவுக்கே டிரெய்னிங் குடுத்தவரு. நம்ம ஆளுங்களுக்கு ஒரு மணி நேரம் சேஃப்டி கிளாஸ் எடுத்தா போதும். ரிஜிஸ்டர்ல கையெழுத்து, ரெண்டு போட்டோ" என்றார். எனக்குப் புரிந்தது. நாளைக்கு ஒருவன் செத்தால், பயிற்சி கொடுத்தோம், அவன்தான் சரியாகச் செய்யவில்லை என்று காட்ட ஒரு காகிதம் வேண்டும். "வகுப்பு எடுக்கிறேன். முதல் வரிசையில நீங்களும் உங்க சூப்பர்வைசரும் உக்காரணும்" என்றேன். சம்மதித்தார்.

பதினோரு பேர் வந்திருந்தார்கள். எல்லாம் நம்ம பிள்ளைகள். குழிக்குள் எப்படி இறங்குவது என்று நான் சொல்லித்தரவில்லை. அதைச் சொல்லித்தந்தால் நானும் இறக்கிவிடுகிறவன் ஆகிவிடுவேன். மேலே நிற்பவருக்கு என்ன வேலை என்று முன்வரிசையைப் பார்த்துச் சொன்னேன். மெஷின் வைத்துச் சுத்தம் செய்ய முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டியது மேலே இருப்பவர். மூடியைத் திறந்து வாயுவை அளக்க வேண்டியது அவர். ஆளைத் தனியாக விடக் கூடாது என்பது அவர் பொறுப்பு. கடைசியாகப் பின்வரிசையைப் பார்த்து, "முதல் பாடம் இறங்காதே. ரெண்டாவது பாடம், மாட்டேன்னு சொல்றவனைத் தனியா விடாதே" என்றேன். ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடவில்லை.

ஒரு தம்பி எழுந்து கேட்டான்: "அண்ணே, ஐஸ்ல மாட்டேன்னு சொன்னா வண்டியத் திருப்பிடுவாங்க. இங்க மாட்டேன்னு சொன்னா நாளைக்கு வேலை யாரு குடுப்பா?" முப்பது வருஷம் நான் எடுத்த வகுப்புகளில் இவ்வளவு சரியான கேள்வியை யாரும் கேட்டதில்லை. உடுப்பும் கருவியும் பாதிதான். மாட்டேன் என்று சொன்ன பிறகும் அடுத்த நாள் அடுப்பு எரியுமா என்பது மீதிப் பாதி. அண்டார்க்டிகாவில் அது எரியும் என்று அரசாங்கம் முன்பே எழுதிக் கொடுத்துவிடுகிறது, அதனால்தான் அங்கே மாட்டேன் என்ற சொல் வாயில் வருகிறது. எங்கள் தெருக்காரனுக்கு அந்தச் சொல்லின் விலை ஒரு நாள் கூலி. பயிற்சி கொடுக்கிறவர்கள் இந்த விலையைப் பேசாமல் கையுறையைப் பற்றியும் முகமூடியைப் பற்றியும் பேசினால் அது போட்டோவுக்குத்தான் உதவும்.

மறுவாரம் பதினோரு பேரும் சேர்ந்து போய் இறங்க மாட்டோம் என்றார்கள். ரெண்டு நாள் வேலை நின்றது. மூன்றாம் நாள் எங்கிருந்தோ மெஷின் வந்தது. பத்துப் பேரை வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். கேள்வி கேட்ட தம்பியை மட்டும் கூப்பிடவில்லை. அவனுக்காக நானும் அந்தப் பத்துப் பேரும் தொழிலாளர் அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருக்கிறோம். அடுத்த வாய்தா வருகிற புதன்கிழமை.