எது துப்பாக்கி?

யூபிலி மலருக்கு எமது தொழில் குறித்துச் சில எழுதுமாறு மலர்க் குழுவினர் பணித்தனர். இலண்டனிலே பொருள்களைக் கடல் கடந்து அனுப்பும் நிலையமொன்றில், ஏற்றுமதிப் பத்திரங்களைச் சரிபார்த்தல் பல்லாண்டு எமது பணியாயிருந்தது. தேயிலை பற்றியும் துணி பற்றியும் சொல்லத்தக்கது எம்மிடம் யாதுமில்லை. றைபிளின் உறுப்புக்களை நாடுவிட்டு நாடு அனுப்புதல் பற்றியே ஈண்டுக் கூற விழைகின்றோம்.

மாணவர் படையில் நின்ற அன்பர்களுக்கு, றைபிளைக் கழற்றி உறுப்புக்களின் பெயர் சொல்லிய நாள்கள் நினைவிருத்தல் கூடும். குழல், அதன் பின்வாயை அடைக்கும் போல்ட், விசை, மரக்கட்டை என அடுக்கிய அவற்றுள் எது துப்பாக்கி? எல்லாம் கூடியதே துப்பாக்கி என்பது எளிய விடை. ஆயின் உறுப்புக்கள் வெவ்வேறு பொதிகளாய்ச் சென்று அக்கரையில் ஒன்றுகூடுமேல், எந்தப் பொதியையும் தடுக்கச் சட்டத்திற்கு இடமிராது.

இவ்வினாவிற்கு நாடுகள் இறுத்த விடை ஒன்றன்று. ஐக்கிய அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டு மத்திய சட்டம், மற்றை உறுப்புக்களைத் தாங்கி நிற்கும் இரும்புக் கூட்டினையே துப்பாக்கி எனக் கொண்டது. குழல் அச்சட்டத்தின்படி வெறும் இரும்பே. அதே 1968இல் பிரித்தானியா இயற்றிய சட்டமோ உறுப்பினையும் துப்பாக்கி என்றே கொண்டது. அவ்வுறுப்புக்கள் எவையென வகுத்துக் கூறுதற்கு மட்டும் 2017 வரை காலம் சென்றது. அமெரிக்கக் கடையிலே தடையின்றி வாங்கிய குழல், அந்நாட்டு எல்லையை அடைந்தவுடன் ஏற்றுமதி அனுமதி வேண்டி நிற்கும். அவ்வனுமதியை வழங்கும் பொறுப்பு 2020 மார்ச்சு வரை இராசாங்கத் திணைக்களத்திடம் இருந்தது. பின்னர், தானியங்கா வகைகளைப் பொறுத்தமட்டில், வர்த்தகத் திணைக்களத்திற்கு மாறியது. முன்னைய விதியிலே 100 டொலருக்கு மேற்படாத சில்லறை உறுப்புக்களுக்கு விலக்கிருந்தது. குழலுக்கும் கூட்டுக்கும் முழுப் பின்னடைப்புக்கும் அவ்விலக்கு இருக்கவில்லை. பத்து டொலர்க் குழலாயினும் அன்று அனுமதி பெற்றே செல்லல் வேண்டியிருந்தது.

சுங்க வகைப்பாட்டிலுள்ள வேடிக்கையையும் சொல்லாது விடுதற்கில்லை. அதன் 93ஆம் அத்தியாயம் படைக்கலங்களுக்குரியது. தொலைநோக்குக் குறிகாட்டி றைபிளோடு சேர்ந்து வரின் அங்கே இடம்பெறும். தனித்து வரின் 90ஆம் அத்தியாயத்திலே மூக்குக்கண்ணாடிகளோடு போய் அமரும். றைபிளுக்கென வாங்கிய சாதாரணத் திருகாணி ஏனைய இரும்புச் சாமான்களோடு சேரும். தீர்வை கணிப்பதற்கே இப்பாகுபாடு; கண்ணாடியோடு அமர்ந்ததனால் குறிகாட்டிக்கு அனுமதி வேண்டாமென எண்ணிப் பொதி கட்டுவோர் பலர்.

2001இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்று, 2005இல் நடைமுறைக்கு வந்த சுடுபடைக்கல உடன்பாடு, குழல், கூடு, போல்ட் ஆகியவற்றோடு ஒலியடக்கியையும் உறுப்பென்றே எண்ணிற்று. வாங்கும் நாடு இறக்குமதி அனுமதி அளித்தபின்னரே அனுப்பும் நாடு ஏற்றுமதி அனுமதி அளித்தல் வேண்டும். இடைவழி நாடுகளும் மறுப்பின்மையை எழுத்தில் தருதல் வேண்டும். 2013ஆம் ஆண்டுப் படைக்கல வணிக உடன்படிக்கையும், கூட்டிப் பொருத்தினால் ஆயுதமாகும் வகையில் அனுப்பப்படும் உறுப்புக்களைக் கட்டுப்பாட்டிற்குள் கொணர்ந்தது. இவை மிகையென்பாரும் உளர். 1983 முதல் 2009 வரை நம் நாட்டில் வாழ்ந்தோர் அவ்வாறு எளிதிற் சொல்லார்.

எனினும் இவ்விதிகளெல்லாம் பொதியின்மேல் ஒட்டும் பத்திரத்திலுள்ள ஒரு சொல்லிலேயே தங்கியுள்ளன. பொதிகளுட் பெரும்பாலன திறந்து பார்க்கப்படுவதில்லை, எழுதியதே பொருளாகின்றது.

ஒருமுறை குறிசுடுதலில் ஈடுபாடுடைய ஆங்கிலேய முதியவரொருவர் எம்மிடம் வந்தார். அவரது பழைய லீ என்பீல்ட் றைபிள் முறைப்படி அமெரிக்காவிலுள்ள மகனிடம் சேர்ந்துவிட்டது. செப்பனிடக் கொடுத்திருந்த போல்ட் மட்டும் இங்கே எஞ்சிற்று. றைபிளின் எண்ணே அதிலும் பொறிக்கப்பட்டிருந்தது. வெடிக்கும்போது சுடுவோன் முகத்தருகே நின்று அமுக்கத்தைத் தாங்குவது அவ்வுறுப்பாதலின், பொருந்தாத வேறொன்றை இடுதல் ஆபத்து. “ஒரு சாண் இரும்பு; இயந்திர உதிரிப்பாகம் என்று எழுதுங்கள்” என்றார். அது முழுப் பொய்யுமன்று. துப்பாக்கியும் ஓர் இயந்திரமே. அவருடைய நேர்மையில் எமக்கு ஐயமிருக்கவில்லை. ஆயினும், அவர் பொருட்டு அச்சொல்லை எழுதின், அடுத்த பொதிக்கு அதே சொல்லைக் கேட்பவரை எவ்வாறு மறுப்பது? எழுதவியலாது என்றோம். “கடதாசிப் புழுக்கள்” என வைதுவிட்டுப் பொதியோடு போய்விட்டார்.

மாதங்கள் சில சென்றபின் மீண்டும் வந்தார். மகன் விண்ணப்பித்துப் பெற்ற அமெரிக்க இறக்குமதி அனுமதியும், அதனைக் காட்டித் தாம் பெற்ற பிரித்தானிய ஏற்றுமதி அனுமதியும் கையிலிருந்தன. அமெரிக்க அனுமதியை அளித்த பணியகத்தின் பெயரிலே மதுவும் புகையிலையும் படைக்கலத்தோடு சேர்ந்திருப்பதைக் காட்டிச் சிரித்தார். யாம் பேனாவை எடுத்து, “லீ என்பீல்ட் றைபிளின் போல்ட், ஒன்று” என எழுதி, அதன்கீழ் அவ்வுறுப்பின் எண்ணையும் குறித்தோம்.